சொந்தக் கையால் போட்ட தரை

வீட்டில் அப்போது இருந்தவர்கள்: கூடத்து நாற்காலியில் மாமனார், சமையலறை வாசலில் மனைவி, சோபாவில் கால் நீட்டியபடி மச்சினன், கையில் டீ டம்ளரோடு மாப்பிள்ளை. ஐந்தாவதாக ஒருவர் படுக்கையறையில் தரை போட்டுக்கொண்டிருந்தார். அவர் இருப்பது மாப்பிள்ளையைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

தெரியக்கூடாது என்றால் சுத்தியல் சத்தம் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

ஏற்பாடு என்னவோ எளிமையானதுதான். மாப்பிள்ளை வெளியே வந்தால் மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். ஆனால் மேஸ்திரிக்கு வேலை சூடு பிடித்துவிட்டால் காது அடைத்துவிடும் போலிருக்கிறது. டொக், டொக், டொக்.

மாமனார் கதவைப் பார்த்தார். பிறகு மாப்பிள்ளையைப் பார்த்தார்.

"நீங்க இங்க இருக்கீங்க. உள்ள யாரு தட்டுறது?"

"வீடியோ மாமா. எப்படிப் போடறதுன்னு போன்ல பார்த்துப் பார்த்துத்தான் செய்யறேன். அது ஓடிட்டிருக்கு."

"போன் உங்க சட்டைப் பையில இருக்கேங்க," என்றாள் மனைவி. உதவி செய்வதாகத்தான் நினைத்தாள்.

மாப்பிள்ளைக்கு வேலை போய், பெட்டியும் படுக்கையுமாக மாமனார் வீட்டுக்கு வந்து சேர்ந்து பல மாதம் ஆகிவிட்டது. அதற்குள் மாமனார் அவனை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. ஆளைத் தாண்டி ஜன்னலைப் பார்த்துப் பேசுவார், அவ்வளவுதான். படுக்கையறைகளின் பழைய மொசைக் விரிசல் விட்டு, கட்டில் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஆடத் தொடங்கியபோது, பலகைத் தரை போட ஆள் பார்க்க வேண்டும் என்று பேச்சு வந்தது. இந்த வீட்டு மொசைக்கைத் தன் சொந்தக் கையால் போட்ட கதையை மாமனார் மறுபடியும் ஆரம்பித்தார். ரோஷம் பொத்துக்கொண்டு வந்து, "நானே போடறேன்" என்று மாப்பிள்ளை வாயை விட்டுவிட்டான்.

மூன்று பலகை போட்டான். நான்காவது பலகை பக்கத்துப் பலகையின் கொக்கியில் மாட்டவில்லை. ஓங்கி ஒரு தட்டு தட்டியதில் அதன் ஓரம் பிய்ந்து கையோடு வந்துவிட்டது. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் மனைவி அதற்குள் தோழிகளுக்கெல்லாம் போன் போட்டிருந்தாள். "அவரேதான் போடறார், ஆளே வைக்கல." வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிப் பழகியவள், இத்தனை நாளில் முதல் தடவையாகக் கூடத்தில் நின்று சத்தமாகப் பேசினாள். அந்தச் சத்தத்துக்காகத் தன் கேமராவை விற்று மேஸ்திரியைப் பிடித்தான். பெயிண்ட் அடிக்கக் கம்பி கழற்றியிருந்த ஜன்னல் வழியாக, சந்துப் பக்கமாக, அவர் தினமும் ஏறிக் குதித்து வந்தார். மாப்பிள்ளை ஒவ்வொரு தடவை வெளியே வரும்போதும் கொஞ்சம் மரத்தூளை அள்ளித் தலையில் தேய்த்துக்கொண்டு வந்தான். தன் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமாக எதையும் செய்ததாக அவனுக்கு நினைவில்லை.

"அப்ப பக்கத்து வீடா இருக்கும் மாமா," என்றான் இப்போது. "அங்கதான் ஏதோ இடிக்கிறாங்க."

இதைச் சொல்லியிருக்கவே கூடாது. பக்கத்து வீட்டுக்காரருக்கும் மாமனாருக்கும் பொதுச் சுவர் விஷயத்தில் ஏழாம் பொருத்தம். சுவரில் கை வைக்கிறானா என்று மாமனார் எழுந்துவிட்டார். சந்துக்குள் போய்ப் பார்க்கும்படி மகனை விரட்டினார். மச்சினன் செருப்பைத் தேட, மாப்பிள்ளை டீயைக் கீழே வைக்காமலே படுக்கையறைக்குள் பாய்ந்தான். சந்துக்குள் மச்சினன் வந்துவிடுவான். ஜன்னல் போச்சு.

அறையில் இருந்தது ஒரே ஒரு தேக்கு அலமாரி. யாராலும் தூக்க முடியாமல் அங்கேயே விட்டிருந்தார்கள். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள் மேஸ்திரி டீயை வாங்கி ஒரே மடக்கில் குடித்துவிட்டு, டம்ளரோடு அலமாரிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டார். கதவு தானாகத் திறந்து திறந்து வந்தது. வேறு வழியில்லாமல் பூட்டிச் சாவியைப் பையில் போட்டான்.

அடுத்த நிமிடம் எல்லோரும் உள்ளே இருந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மச்சினன் தலை நீட்டி, சுவர் சுவராகத்தான் இருக்கிறது என்று அறிவித்துவிட்டு, சுற்றிக்கொண்டு உள்ளே வந்தான்.

மாமனார் சுவரை மறந்துவிட்டார். தரையைப் பார்த்தார். குனிந்து விரலால் இணைப்புகளைத் தடவினார். நகம்கூட இறங்கவில்லை.

"மாப்ள," என்றார். ஜன்னலைப் பார்த்து அல்ல, முகத்தைப் பார்த்து. "நான் உங்களை என்னவோன்னு நினைச்சிட்டேன்."

மனைவி கிட்டே வந்தாள். முந்தானையால் அவன் தலையிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டாள். திட்டு வாங்கியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு கூசியிருக்காது.

மாமனாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. அலமாரியைத் தரை போட்டு முடித்த பக்கம் நகர்த்திவிட்டால் மிச்ச மூலையையும் இன்றே முடித்துவிடலாம் என்றார். அப்புறம் பார்க்கலாம், உள்ளே துணி நிறைய இருக்கிறது என்றான் மாப்பிள்ளை. துணியை எடுத்துவிடலாம் என்றாள் மனைவி. சாவியைக் காணவில்லை என்றான். அப்படியானால் அப்படியே இழுப்போம் என்று மச்சினன் சட்டைக் கையை மடித்துவிட்டான்.

மூன்று ஆண்களும் பிடித்தார்கள். அதில் ஒருவன் எதிர்ப்பக்கம் தள்ளிக்கொண்டிருந்தான். அலமாரி அசைந்தது. புதுப் பலகை மேல் கிர்ரென்று நகர்ந்தது.

"இழுக்காதீங்க," என்றது அலமாரி. "தூக்குங்க. பலகை கீறுது."

மூன்று பேரும் கையை எடுத்தார்கள்.

மாப்பிள்ளை பையிலிருந்து சாவியை எடுத்துத் திறந்தான். மேஸ்திரி இறங்கினார். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல் மண்டி போட்டு, கீறலைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்தார். பிறகுதான் டம்ளரை மனைவியிடம் நீட்டினார்.

அவள் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இத்தனை நாளா நான் போட்டுக் குடுத்த டீயெல்லாம் நீங்கதான் குடிச்சீங்களா?"

"பாதி பாதிம்மா."

மாப்பிள்ளை தரையைப் பார்த்தான். பார்க்க நல்ல தரையாகத்தான் இருந்தது.

"தோழிங்க நாளைக்குத் தரையைப் பார்க்க வர்றாங்க," என்றாள் அவள். அவனிடம் சொன்னது போலவும் இல்லை, வேறு யாரிடமும் சொன்னது போலவும் இல்லை. டம்ளரைக் கழுவப் போய்விட்டாள்.

மாமனார் விட்டுவிடவில்லை. மேஸ்திரியைப் பையும் சுத்தியலுமாகக் கூடத்தின் வழியே தானே நடத்திக்கொண்டு போனார். மாப்பிள்ளையும் மச்சினனும் பின்னால் போனார்கள். வழியெல்லாம் பேச்சுத்தான். முடியாது என்றால் முடியாது என்று சொல்ல வேண்டும், பெண்டாட்டியை ஏமாற்றி, பெரியவர்களை ஏமாற்றி, ஆளைப் பெட்டிக்குள் பூட்டி வைத்துப் பெயர் வாங்குவது ஒரு பிழைப்பா, மானமுள்ளவன் செய்கிற காரியமா என்று கேட்டார்.  கேட்டதெல்லாம் நியாயமாகத்தான் இருந்தது.

வாசல் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மாமனார் மேஸ்திரியையும் ஒரு பிடி பிடித்தார். "இந்த மாதிரி வேலைக்கு நீயும் ஒத்துக்கிட்டு வந்தியே, உனக்காவது வெட்கமா இல்ல?"

மேஸ்திரி படியிறங்கி, பையிலிருந்து செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"எங்களுக்கு இது பழக்கம்தான் ஐயா. இங்க மொசைக் போட்டப்ப உங்க மாமனார் திடீர்னு வந்துட்டாருன்னு, எங்கப்பாவையும் நீங்க இதே அலமாரியிலதானே வச்சுப் பூட்டினீங்க."

மாமனார் கதவைச் சாத்தினார். தாழ்ப்பாளைப் போட்டார். பிறகு, நடுப்பகல் என்றும் பாராமல், சாவியைத் தேடியெடுத்துப் பூட்டினார்.