நான் எழுப்பிய எரிமலை

முதலிலேயே ஒப்புக்கொண்டு விடுகிறேன். மலையைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. நான் பிறந்த யாழ்ப்பாணத்தில் மலையே இல்லை. (கீரிமலை என்று ஓர் ஊர் இருக்கிறது. அங்கேயும் இல்லை.) போதாததற்கு, எங்கள் ஆட்கள் விடுமுறைக்குப் போவதென்றால் சொந்தக்காரர் வீட்டுக்குத்தான் போவார்கள். லண்டனில் மச்சாள், பாரிஸில் சித்தப்பா. ஐஸ்லாந்தில் எங்களுக்கு ஒரு பூனைக்குட்டிகூடச் சொந்தமில்லை.

அப்படியிருந்தும், ஜேர்மன் கடவுச்சீட்டு கைக்கு வந்த அடுத்த கோடையில், நானும் கணவரும் ஐஸ்லாந்துக்குப் போனோம். காரணம் ஹெல்கா. ஜேர்மனியின் ஹம் நகரில் எங்களுக்கு மேல்வீட்டில் இருந்தவர், எழுபத்திரண்டு வயது, இரண்டு முழங்காலிலும் சத்திரசிகிச்சை. அந்த நாட்டின் நடுவில், ஆளரவமில்லாத இடத்தில், ஆயிரக்கணக்கான வருடங்களாக உறங்கும் ஓர் எரிமலையின் படத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்திருந்தார். அதன் உச்சியில் ஒருமுறை நிற்க வேண்டும், பிறகு முழங்கால் என்னவானாலும் சரி என்பார். அதற்காக ஒரு வருடம் எங்கள் கட்டிடத்துப் படிகளில் ஏறி இறங்கிப் பழகினார். அவருடைய நடைபயணக் குழுவில் இரண்டு இடம் காலியானபோது எங்களையும் சேர்த்துவிட்டார்.

மலையெல்லாம் முருகனுடையது, கால் வைக்குமுன் அடிவாரத்தில் கற்பூரம் கொளுத்திக் கும்பிட வேண்டும் என்பது, மலையைப் பார்த்திராவிட்டாலும், எங்கள் வீட்டு நம்பிக்கை. ஆகவே ஒரு பைக்கற் கற்பூரத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பேருந்து எங்களைக் கறுப்புக் கற்கள் நிறைந்த ஒரு வெளியில் இறக்கிவிட்டது. ஒரே மூடுபனி. நடந்தோம். ஒரு மணித்தியாலம், இரண்டு மணித்தியாலம். மலையைக் காணவில்லை.

"இஞ்சேருங்கோ, மலை எங்கை?" என்று கணவரைக் கேட்டேன்.

"வரும், நடவும்" என்றார். (அவருக்கும் தெரியாது.)

சாப்பிட உட்கார்ந்தபோது வழிகாட்டி இளைஞனிடம், அடிவாரம் எப்போது வரும் என்று கேட்டேன். அவன் தன் தடியால் என் சப்பாத்தைத் தொட்டுக் காட்டினான். காலையிலிருந்து மலையின் மேல்தான் நடக்கிறோம், உச்சிக்கு இன்னும் பத்து நிமிடம் என்றான்.

அந்த நேரம் பார்த்துப் பனி விலகியது. திரும்பிப் பார்த்தேன். கவிழ்த்து வைத்த பிரமாண்டமான அப்பச்சட்டியின் முதுகில் நாங்கள் எறும்புகளாய் உட்கார்ந்திருந்தோம். சரிவு எங்கே தொடங்கியது என்றே தெரியவில்லை. தூரத்தில் வெள்ளையாய்ப் பனிப்பாறைகள். மரமில்லை, வீடில்லை. இவ்வளவு பெரியது இவ்வளவு அமைதியாக இருக்க முடியுமா என்று வாயைப் பிளந்துகொண்டு இருந்தேன். பிறகுதான் உறைத்தது. இந்த மலையைக் கும்பிடாமல், சப்பாத்துக் காலோடு, இரண்டு மணித்தியாலம் மிதித்திருக்கிறேன்.

ஒதுங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக உச்சிக்கு ஏறினேன். (ஜேர்மன்காரர் அதற்குமேல் கேள்வி கேட்க மாட்டார்கள்.) அங்கே பெரிய வட்டக் குழி, அடியில் பழைய பனி. தெரியாமல் ஏறிவிட்டேன், மன்னித்துக்கொள் முருகா என்று, சாப்பாட்டுப் பெட்டி மூடியில் ஒரு கட்டிக் கற்பூரத்தை வைத்தேன். காற்று அணைத்தது. இரண்டு வைத்தேன். அதையும் அணைத்தது. கோபத்தில் முழுப் பைக்கற்றையும் பிளாஸ்ரிக் உறையோடு பாறை மறைவில் வைத்துப் பற்றவைத்தேன். மனுசன் எரிந்தால்கூட அப்படிப் புகை வராது. கன்னங்கரேலென்று எழும்பியது.

கீழே விசில் சத்தம். எட்டிப் பார்த்தால் எல்லாரும் அவசரம் அவசரமாக இறங்குகிறார்கள். கணவர் மட்டும் என்னைப் பார்த்துக் கைகளை வீசுகிறார். வழிகாட்டி ஒரு கையில் வானொலிக் கருவியும் மறு கையில் ஹெல்காவின் முழங்கையுமாக நின்றான். ஹெல்கா எழும்ப மறுத்துப் பாறையில் இருந்தபடியே உச்சியைப் பார்த்து அழுதுகொண்டிருந்தார்.

என் வாழ்நாளில் அப்படி ஓடியதில்லை. "நான்தான்! எரிமலை இல்லை, அந்தப் புகை நான்தான்!" என்று ஜேர்மன் மொழியில் கத்திக்கொண்டு, கரிபிடித்த மூடியைத் தூக்கிக் காட்டியபடி இறங்கினேன். வழிகாட்டி மூடியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், வானொலியை மெதுவாகப் பைக்குள் வைத்தான்.

"இஞ்சையும் கற்பூரமோ?" என்றார் கணவர். பிறகு என்னைத் தெரியாதவர்போல் தள்ளி நின்றுகொண்டார்.

அழுகையோடு ஹெல்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பேசாமல் ஏறுங்கள்" என்று எல்லாரிடமும் சொன்னார். "இவள் நமக்கும் சேர்த்து அனுமதி வாங்கிவிட்டாள்."

உச்சியில் என் கரிக்கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

இன்றைக்கும் வீட்டில் நான் செத்தல் மிளகாய் வறுத்துப் புகை அலாரம் அலறினால், கணவர் பிள்ளைகளிடம், "மலை முழிச்சிட்டுது, இறங்குங்கோ" என்பார். ஹெல்கா உயிரோடு இருந்தவரை, மேலேயிருந்து படிகளில் எட்டிப் பார்த்து ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "அனுமதி வாங்கியாயிற்றா?"