அட்டையுடன் வரவும்

அன்று எனக்கு இருந்த வேலை ஒன்றுதான். மன்றத்து வாசல் கரும்பலகையில் இரண்டு வரி எழுத வேண்டும்.

இதில் என்ன தவறு நடந்துவிடும் என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் வால்பாறைத் தொலைபேசி நிலையத்தில் எனக்கு வேலை. சொந்த ஊர் கோயமுத்தூர், கணபதிப் பகுதி. மாற்றலாகி மலைக்கு வந்த மூன்றாவது வாரம், ஊருக்குப் பொதுவாக ஒரு மன்றம் தொடங்குகிறார்கள் என்று வேடிக்கை பார்க்கப் போனேன். பேனரில் ‘மணமகிழ் மன்றம்’ என்று எழுதியிருந்தது.

சும்மா இருந்திருக்கலாம்.

எழுந்து நின்று, “இது கல்யாணத் தகவல் நிலையமுங்களா? மூணு சுழி ‘ண’ எதுக்குங்க? ரெண்டு சுழிதானுங்க வரோணும்” என்றேன்.

தலைவர் ஜமால் பாய், கடைவீதியில் குடையும் மழைக்கோட்டும் விற்பவர், என்னை ஏற இறங்கப் பார்த்தார். “தம்பி சுழியெல்லாம் எண்ணறாருங்க. இவரையே செயலாளராப் போட்டுறலாம்” என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

பிழை செய்தவருக்குத் தண்டனை கிடையாது. கண்டுபிடித்தவருக்கு உடனே உண்டு.

கட்டடத்தை மாவட்ட அலுவலகம் ஒரு வருடத்துக்குத்தான் தந்திருந்தது. வருட முடிவில் அதிகாரி ஒருவர் வந்து பார்ப்பார். உறுப்பினர்கள் உண்மையிலேயே வந்துபோகிறார்கள் என்று காட்டினால் மன்றம் தொடரும். இல்லாவிட்டால், உர மூட்டை அடுக்க இடம் கேட்டு ஏற்கெனவே மனுப் போட்டிருந்தவர்களுக்குக் கட்டடம் போய்விடும்.

அந்த ஒரு வருடம் நாங்கள் சும்மா இருக்கவில்லை.

வாலிபால் நடத்தினோம். மலையூரில் சமதளம் என்பது ஒரு கற்பனை. கோட்டுக்கு வெளியே போன பந்து அடுத்த எஸ்டேட்டில்தான் நிற்கும். ஓர் அணிக்கு ஆறு பேர் என்றால், மூன்று பேர் ஆடுவார்கள், மூன்று பேர் தேடுவார்கள்.

திறந்தவெளியில் திரை கட்டிப் படம் போட்டோம். இடைவேளைக்கு முன்பே மூடுபனி இறங்கியது. வெளிச்சம் பனியிலேயே விழுந்து, கதாநாயகன் எங்கள் தலைக்கு மேலே சண்டை போட்டார். சிலருக்கு அது இன்னும் பிடித்திருந்தது.

கேரம் பலகை ஈரத்தில் ஊறி ஒரு பக்கமாக வளைந்துபோனது. காய்கள் தாமாகவே மேற்கு மூலைக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த மூலையில் யார் உட்கார்ந்தாரோ அவர்தான் சாம்பியன்.

டேபிள் டென்னிஸ் மேசை ஒன்றும் இருந்தது. அதில் யாரும் ஆடவில்லை. கொழுந்து பறித்துவிட்டு மழையில் வரும் பெண்கள் அதன்மேல் கம்பளியை விரித்துக் காயப்போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசிச் சிரித்துவிட்டுப் போவார்கள். அவர்களும் உறுப்பினர்கள்தான்; ஆனால் ‘விளையாடவில்லை’ என்பதால் நான் வருகைப் பதிவேட்டில் சேர்க்கவில்லை. நான் விதிப்படி நடப்பவன்.

உறுப்பினர்களுக்கு மட்டும் குறைவே இல்லை. நூற்றுச் சொச்சம் பேர். எங்கள் பக்கத்தில் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால், மாட்டேன் என்று சொல்லத் தெரியாது. “ஐயா கேக்கறாருங்க, எப்படி மாட்டேங்கறது?” என்று போட்டுவிடுவார்கள். வருவதுதான் இல்லை.

ஆடி மாதம் கடிதம் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஆய்வு. உறுப்பினர்கள் நேரில் வர வேண்டும்.

நான் பலகைக்குப் போனபோது, காவலாளி ஆறுச்சாமி முந்திக்கொண்டு எழுதியிருந்தார்: ‘நாளைக்கு ஆபீசரம்மா வாராங்க. மெம்பருங்க எல்லாரும் மெம்பர் கார்டோட வந்துருங்க.’

இரண்டு வரியில் நான்கு ஆங்கிலச் சொற்கள்!

“ஏனுங்ண்ணா, இதைத் தமிழ்ல எழுதக் கூடாதுங்களா?”

“தமிழ்லதானுங்க சார் எழுதிருக்கறேன்.”

அழித்தேன். ‘ஆண்டாய்வு. உறுப்பினர்கள் அனைவரும் நாளைக் காலை பத்து மணிக்குத் தத்தம் உறுப்பினர் அட்டையுடன் தவறாது வரவும்’ என்று எழுதினேன்.

படித்துப் பார்த்தேன். ‘உறுப்பினர்’ இரண்டு முறை வந்திருந்தது. கூறியது கூறல் குற்றம் என்கிறது இலக்கணம். உறுப்பினர் கொண்டுவருவது உறுப்பினர் அட்டையாக இல்லாமல் வேறு என்ன அட்டையாக இருக்கும்? இரண்டாவதை ஈரத்துணியால் துடைத்தேன். மிஞ்சிய இடத்தில் கண்டிப்பாக ஒரு வரி சேர்த்தேன்: ‘அட்டை இல்லாதோருக்கு அனுமதி இல்லை.’

இங்கே ஒரு தகவல் சொல்லிவிட வேண்டும். மழைக்காலத்தில் தேயிலைக் காட்டில் கால் வைத்தால், ஒரு நிமிடத்தில் கணுக்காலில் ஏறி இரத்தம் குடிக்கும் ஒரு பிராணி அந்த ஊரில் உண்டு. அதன் பெயரும் அட்டை.

எனக்கு இது தெரியாதா? தெரியும். காலில் தழும்பே இருந்தது. ஆனால் நான் எழுதியது நல்ல தமிழ். நல்ல தமிழில் பூச்சி வரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆறுச்சாமி பலகையை நெடுநேரம் பார்த்தார்.

“ஏனுங்க சார், அட்டையோடவுங்களா?”

“ஆமாங்ண்ணா.”

“ஆளுக்கு எத்தனைங்க?”

“ஒண்ணுதானுங்க. ரெண்டு எதுக்கு?”

“அதுஞ் செரிதான்.” கொஞ்சம் யோசித்தார். “அப்படியே கையில புடிச்சுட்டு வந்தாப் போதுங்களா?”

“மழையில நனைஞ்சு கெட்டுப்போயிரும். எதுலயாவது போட்டு மூடி எடுத்துட்டு வரச் சொல்லுங்க. பேரும் உறுப்பினர் எண்ணும் மட்டும் நல்லாத் தெரியோணும்.”

“நனைஞ்சா அது கெடாதுங்க.”

எனக்குப் பெருமையாக இருந்தது. நல்ல தாளாகப் பார்த்து அச்சடிக்கக் கொடுத்தது நான்தான்.

“ஆபீசரம்மா அதை வாங்கி என்னங்க பண்ணுவாங்க?”

“ஒவ்வொண்ணா எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டுக் குடுத்துருவாங்க.”

“கையிலயேவுங்களா?”

“பின்னே?”

ஆறுச்சாமியின் முகத்தில் ஆபீசரம்மா மீது ஒரு பெரும் மரியாதை வந்ததைக் கவனித்தேன். காரணம் விளங்கவில்லை.

மாலையில் ஜமால் பாய் தொலைபேசியில் கூப்பிட்டார்.

“தம்பி, போர்டுல போட்டிருக்கறது நெசந்தானுங்களா?”

“நெசந்தானுங்க பாய். மேலிடத்து உத்தரவு.”

“தலைவரும் கொண்டாரோணுங்களா?”

“தலைவரு மொதல்ல கொண்டுவந்தாத்தானுங்க மத்தவங்களுக்கு முன்மாதிரி.”

பெருமூச்சு விட்டார். “நான் கடையை விட்டு எறங்கறதே இல்லீங்களே. எனக்கு எங்க கெடைக்கும்?”

“எங்கயாவது மறந்து வெச்சுப்போட்டீங்களாட்ட இருக்குது. பீரோவுல தேடிப் பாருங்க.”

“பீரோவுலயா!” “செரிங்க தம்பி. நீங்க சொன்னா அது செரியாத்தான் இருக்கும்.”

எங்கள் பக்கத்து மரியாதை இது. எதிரில் இருப்பவர் உளறுகிறார் என்று தெரிந்தாலும் கேட்கமாட்டோம். அவர் மனசு சங்கடப்பட்டுவிடும். அன்று மாலை முழு ஊரும் என் மனசைச் சங்கடப்படுத்தாமல் பார்த்துக்கொண்டது.

மறுநாள் நல்ல மழை. ஒன்பதே முக்காலுக்கு மன்றத்துக்குப் போனால், வாசலிலிருந்து பேருந்து நிறுத்தம் வரை குடை வரிசை. எண்ணினேன். அறுபத்தெட்டுப் பேர்!

ஒரு வருடமாகக் காணாத கூட்டம். நல்ல தமிழின் வலிமை இதுதான் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

வாசலில் ஏதோ தகராறு. தபால்காரர் செபாஸ்டின், மன்றத்தில் என்னைவிட ஒழுங்கான ஒரே மனிதர், உள்ளே நுழையப் பார்க்கிறார். ஆறுச்சாமி கையைக் குறுக்கே நீட்டி மறிக்கிறார்.

“கார்டெல்லாம் செல்லாதுங்க. அட்டைன்னு போர்டுல தெளிவாப் போட்டிருக்குதுங்களே.”

“யோவ், இதுதான்யா அட்டை!”

“இது கார்டுங்க. கோவிச்சுக்காதீங்க. அக்கட்டால அந்தப் புல்லுக்குள்ள ரெண்டு நிமிசம் நின்னீங்கன்னா, ஒண்ணு கெடச்சுரும்.”

நான் வரிசையின் பக்கம் திரும்பினேன்.

வரிசையில் முதலில் நின்றவர் பேக்கரி மாரியப்பன். கையில் ஒரு ஊறுகாய் பாட்டில். வெளியே, ‘மாரியப்பன், எண் 17’ என்று ஒட்டியிருந்தது. உள்ளே, வாயா வாலா என்று தெரியாத ஒரு முனையைத் தூக்கி, ஏதோ ஒன்று என்னைத் தேடியது.

“என்னங்க இது?”

“அட்டைங்க சார்.”

“உறுப்பினர் அட்டை எங்கீங்க?”

“உறுப்பினரு நானுங்க. அட்டை இதுங்க.”

இலக்கணப்படி அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை.

வரிசை நெடுக நடந்தேன். ஜாம் பாட்டில், தீப்பெட்டி, மாத்திரை டப்பா, ஒரு டிபன் கேரியர். எல்லாவற்றிலும் பெயர், எண். நான் சொன்னதை ஒரு ஊரே இத்தனை துல்லியமாகச் செய்து நான் பார்த்ததில்லை. நடுவில் ஜமால் பாய் நொண்டிக்கொண்டு நின்றார்.

“பீரோவுல இல்லீங்க தம்பி. விடிகாலையில தேயிலைக் காட்டுக்குள்ள போய் நின்னுட்டேன். மூணு கெடச்சுது. ரெண்டு இன்னும் காலை உட மாட்டீங்குது.”

கொழுந்து பறிக்கும் பாப்பாத்தி தன் கூட்டத்தோடு வந்திருந்தார். ஆளுக்கொரு பாட்டில்.

“கோயமுத்தூருல வைத்தியத்துக்கு வேணுமாமுங்களே, கெட்ட ரத்தத்தை உறிஞ்சறதுக்கு. அட்டை குடுத்தா மன்றத்தை உட்டுருவாங்க, இல்லாட்டி ஒர மூட்டை வெச்சுருவாங்கன்னு பேசிக்கிட்டாங்க. அந்த டேபிளு போச்சுன்னா நாங்க கம்பளியை எங்கீங்க காயப்போடறது? எங்க உக்காந்து பேசறது?”

வீட்டுக்குப் போய் உண்மையான அட்டையை எடுத்து வாருங்கள் என்று சொல்லலாம். பாதிப் பேருக்கு வீடு இருப்பது எஸ்டேட்டில். போய்வர இரண்டு மணி நேரம். நான் வாயைத் திறப்பதற்குள் ஜீப் வந்து நின்றது.

அதிகாரி நாற்பது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து வந்த முகத்தோடு இறங்கினார். “பனி மூடறதுக்குள்ள நான் கீழ இறங்கணும். சீக்கிரம் முடிச்சிடலாம். உறுப்பினர்கள் யாராவது வந்திருக்காங்களா?”

“அறுபத்தெட்டுப் பேருங்கம்மா.”

அவர் கண் விரிந்தது. “அறுபத்தெட்டா! மத்த ஊர்ல அஞ்சாறு பேரைத் தாண்டறதில்ல. நல்லது. எல்லாரையும் அட்டையை எடுத்து இந்த மேசைமேல வெக்கச் சொல்லுங்க.”

சொல்லிவிட்டார்.

நான் தடுப்பதற்குள் டக், டக், டக் என்று அறுபத்தெட்டும் டேபிள் டென்னிஸ் மேசைமேல் உட்கார்ந்தன.

அதிகாரி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். குனிந்து பார்த்தார். ஒரு தீப்பெட்டி தானாகத் திறந்தது.

“என்ன இது?”

“அட்டைங்க!” என்றது ஊர், ஒரே குரலில்.

நான் பலகை, இலக்கணம், கூறியது கூறல் எல்லாவற்றையும் விளக்கினேன். விளக்க விளக்க அது இன்னும் மோசமாகிக்கொண்டே போனது. அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

“அட்டையைச் சரிபாக்காம நான் கையெழுத்துப் போட முடியாது. விதி அப்படி. ‘வருகை இல்லை’ன்னுதான் எழுதியாகணும்.”

பேனா திறந்தது. பாப்பாத்தி மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

“அந்த விதியை நான் ஒரு தரம் படிக்கலாங்களா?” என்றேன்.

விதி இருந்த கோப்பைத் திறந்து நீட்டினார். ‘ஒவ்வொருவரும் தம் பெயரும் எண்ணும் தெளிவாகத் தெரியும் வகையில் அட்டையைக் காட்ட வேண்டும்.’ அதை எழுதியவரும் கூறியது கூறலுக்கு அஞ்சியவர் போலும். வாழ்க.

“என்ன அட்டைன்னு இதுல இல்லீங்களே. பேர் தெரியுது, எண் தெரியுது, அட்டையுந் தெரியுது.”

“பேர் பாட்டில்மேலதானே இருக்கு? அட்டைமேல இல்லையே?”

என் இனம்! இப்படி ஒருவரோடு பேசி எத்தனை நாளாகிறது!

“கவர்மேல எழுதின பேரு உள்ள இருக்கற கடுதாசிக்குச் செல்லாதுங்களா?”

அவர் பதில் யோசித்தார். யோசிக்கும்போதே முகம் மாறியது. குனிந்து காலைப் பார்த்தார்.

“அசையாதீங்க அம்மணி!” பாப்பாத்தி தரையில் உட்கார்ந்து, இடுப்பு முடிச்சிலிருந்து உப்பை எடுத்து வைத்தார். அட்டை சுருண்டு விழுந்தது. கணுக்காலில் மெல்லிய சிவப்புக் கோடு. “ஒண்ணுமில்லீங்க கண்ணு, அது தன்னால நின்னுரும். ஆனா இது யாரோடதுன்னுதான் தெரியல.”

பின்வரிசையிலிருந்து ஒருவர் தயங்கிக் கையைத் தூக்கினார். “தீப்பெட்டிங்க. நாப்பத்திரெண்டு. என்னோடதுதானுங்க.”

அதிகாரி அவரைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். சன்னலுக்கு வெளியே ஏறிவரும் பனியைப் பார்த்தார். பிறகு பதிவேட்டைத் திறந்து, நாற்பத்திரண்டுக்கு நேராக ஒரு டிக் போட்டார்.

“அடுத்தது. தூரத்துலயே நின்னு காட்டுங்க.”

முக்கால் மணி நேரத்தில் அறுபத்தெட்டும் முடிந்தன. கார்டோடு வந்த செபாஸ்டினை ஆறுச்சாமி கடைசிவரை உள்ளே விடவில்லை.

‘உறுப்பினர்கள் திரளாக வந்திருந்தனர். அட்டைகள் நேரில் சரிபார்க்கப்பட்டன. மன்றம் தொடரலாம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாப்பாத்தி தன் கூட்டத்தைப் பார்த்து, “கம்பளியைக் கொண்டாங்கடி” என்றார்.

ஜீப்பில் ஏறிய பிறகு அதிகாரி என்னைக் கூப்பிட்டார். சிரிக்கவே இல்லை.

“சரிபாத்த ஆவணங்களை அடுத்த ஆய்வு வரைக்கும் பத்திரமா வெச்சிருக்கணும். அதுவும் விதிதான்.”

ஆவணங்களை அன்று மாலையே தேயிலைக் காட்டில் கொட்டிவிட்டேன். நான்கு மட்டும் விதிப்படி என்னோடு வீடுவரை வந்தன.