இரண்டு மடங்கு வேக டாக்டர்

டாக்டர்களில் பல வகை உண்டு. கைராசி டாக்டர், ஊசி டாக்டர், "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துடுங்க" டாக்டர். இவர்களை உங்களுக்கே தெரியும். இப்போது புதிதாக ஓர் இனம் பெருகியிருக்கிறது: செல்போனில் பாடம் கேட்டு, சான்றிதழ் வாங்கி, அதற்குக் கண்ணாடி போட்டு மாட்டுகிற இனம். இந்த இனத்தைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இந்த வட்டாரத்திலேயே கிடையாது. ஏனென்றால், அந்தக் கண்ணாடியைப் போடுகிறவன் நான்.

குடிபாலாவில் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டுத் திருப்பதிக்கு பஸ் ஏறியவன் நான். யார் தயவும் இல்லாமல் ப்ரேம் கடை வைத்தேன். நான் சட்டம் போட்ட பெருமாள் படங்கள் பம்பாய் வரைக்கும் சுவரில் தொங்குகின்றன. ஒன்றுகூடக் கீழே விழுந்ததாக இதுவரை புகார் இல்லை. தன் கை பட்ட கேஸ்களைப் பற்றி எத்தனை எம்.பி.பி.எஸ். அப்படி மார்தட்ட முடியும்?

முன்பெல்லாம் ஒரு டாக்டருக்கு ஆயுளுக்கும் ஒரே ஒரு சட்டம் போதும். பட்டத்தை மாட்டினார், வேலையைப் பார்த்தார். இப்போது வாரத்துக்கு ஒன்று கேட்கிறார்கள். என் கடைக்குப் பக்கத்தில் கிளினிக் வைத்திருக்கிற டாக்டர் கோபிகிருஷ்ணனையே எடுத்துக்கொள்ளுங்கள். ஆவடிக்காரர், தங்கமான மனுஷர். சான்றிதழ் மாட்டி மாட்டிச் சுவர் தீர்ந்துபோய், கண் பரிசோதனைக்கான எழுத்துப் பலகையைக் கழற்றிவிட்டு அந்த ஆணியிலும் ஒன்றை மாட்டிவிட்டார். பார்வை மங்கியவர்கள் இப்போது அதைத்தான் படித்துக் காட்டுகிறார்கள். படிக்க முடிந்தால் கண்ணும் நலம், டாக்டருக்கும் மகிழ்ச்சி.

இவர்களை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? ஒரு காதில் ஸ்டெதாஸ்கோப், மறு காதில் இயர்போன். பாடத்தை எப்போதும் இரண்டு மடங்கு வேகத்தில்தான் ஓட விடுவார்கள். அதில் பேசுகிற வெள்ளைக்காரர் தாளிப்பில் விழுந்த கடுகு மாதிரி வெடித்துக்கொண்டிருப்பார். கை கழுவும் முறை பற்றிய கோர்ஸை நம் டாக்டர் கை கழுவாமல் இட்லி தின்றுகொண்டே பாஸ் செய்தார். பொறுமை பற்றிய பாடத்தைப் பாதியில் தாண்டினார். நோயாளியிடம் பரிவு காட்டுவது எப்படி என்கிற கோர்ஸின் கடைசிப் பரீட்சையை அவர் எழுதி முடிக்கிற வரைக்கும், வெளியே பெஞ்சில் காய்ச்சல்காரர்கள் பரிவுக்காக நடுங்கிக்கொண்டு காத்திருந்தார்கள்.

அந்தப் பரீட்சை லட்சணத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

"இன்னா சாரு, ஏ-வை அமுக்கினீங்க, தப்புன்னு வருதே?"

"அதனால என்ன சார், பி-யை அமுக்கலாம்."

"அதுவும் தப்புன்னா?"

"சி இருக்குதில்ல."

சி-யில் பாஸ். என் மூட்டு வலிக்கு முதலில் வெள்ளை மாத்திரை, பிறகு மஞ்சள், பிறகு சிவப்பு என்று அவர் எழுதிக்கொண்டே போனதன் சூட்சுமம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

அவருடைய நர்ஸ் தபிதா, சித்தூர் மிஷன் குடும்பத்துப் பெண், வாய்க்காரி. ஒருநாள் கடைக்கு வந்தாள்.

"அங்கிள், சார் அடுத்த கோர்ஸ் பாத்துக்கினு இருக்காரு. இப்பவே கட்டையை அறுத்து வெச்சிக்கோங்க."

"இன்னா கோர்ஸ்மா?"

"மருத்துவர்களுக்கு அவசரத் தெலுங்கு. உள்ளூர்ப் பழக்கவழக்கம் ஒரு மாட்யூல் இலவசமாம். இனிமே நான் நடுவுல பேசக் கூடாதாம். டாக்டரும் பேஷன்ட்டும் நேரடியா பேசிக்கணுமாம்."

அதுவரை தெலுங்குக்காரர்கள் சொல்வதைத் தமிழாக்கித் தந்தவள் அவள். நானும் சட்டத்தை அறுத்து வைத்தேன். வியாபாரம் வியாபாரம்தானே.

அந்தச் சட்டத்தைச் சுவரில் மாட்டிய மறுநாள் என் சம்பந்தி நாகபூஷணம் கடைக்கு வந்தார். என் மருமகளைப் பெற்றவர். ஏர்பேடு பக்கம் கடலை போடுகிற விவசாயி. தெலுங்கைத் தவிர வேறு பாஷை அறியாதவர். மலையில் முடி கொடுத்துவிட்டு, மொட்டையில் சந்தனத்தோடும் கையில் லட்டுப் பையோடும் வந்தவர், பையை மேஜைமேல் வைத்துவிட்டு அப்படியே சாய்ந்துகொண்டார். சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு வேர்வை வழிந்தது. கைத்தாங்கலாகப் பக்கத்துக் கிளினிக்குக்கு அழைத்துப் போனேன்.

டாக்டருக்கு முகமெல்லாம் பூரிப்பு. சான்றிதழுக்குப் பிறகு வந்த முதல் தெலுங்கு நோயாளி அல்லவா?

"செப்பண்டி, ஏமைந்தி?" என்றார், சொல்லுங்கள், என்ன ஆயிற்று என்று.

"குண்டெ நொப்பி, சார்" என்றார் சம்பந்தி, மூச்சு வாங்க.

தெலுங்கு தெரியாதவர்களுக்காக இங்கே கொஞ்சம் நிறுத்துகிறேன். நொப்பி என்றால் வலி. குண்டெ என்றால் இதயம். குண்டு என்றால் மொட்டை. இரண்டுக்கும் நடுவே ஓர் உயிரெழுத்துதான் வித்தியாசம். எழுத்து மாறினால் உயிர் போகும்.

டாக்டர் மொட்டையைப் பார்த்தார். கண் பளிச்சிட்டது.

"குண்டு. மாட்யூல் மூணுல வந்துது" என்று டார்ச்சை எடுத்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, இடது காதுக்குப் பின்னால் கடுகளவு வெட்டுக்காயம் ஒன்றைக் கண்டுபிடித்தேவிட்டார். "பிளேடு பட்டிருக்கு. அதான் நொப்பி. ஒரு ஆயின்மென்ட் எழுதறேன்."

"சாரு, அவரு சொல்றது குண்டெ."

"குண்டுதான் ஜெகநாதன் சார். இந்தப் பக்கத்துக்காரங்க கொஞ்சம் இழுத்துப் பேசுவாங்க. கோர்ஸ்லயே சொல்லியிருக்காங்க."

தபிதா வாயைத் திறந்தாள்.

"தபிதா, நேரடியா பேசணும்னு சொன்னேன்ல."

சம்பந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தார். "பாவகாரு, அம்மாயிகி செப்பொத்து" என்றார். மச்சான், என் பெண்ணிடம் சொல்லிவிடாதீர்கள் என்று அர்த்தம். ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் ஷிப்ட்டில் இருக்கிற பெண்ணுக்குத் தெரியாமல் செத்துப்போக முடிவு செய்துவிட்டார் மனுஷர்.

நெஞ்சு வலி என்று தமிழிலேயே கத்த நான் வாயெடுப்பதற்குள் டார்ச் இன்னொரு காதுப் பக்கம் போயிற்று. நாகபூஷணம் அந்தக் கையை எட்டிப் பிடித்து, கீழே இழுத்து, தன் மார்பின்மேல் வைத்து அழுத்தினார். டார்ச் வெளிச்சம் சட்டைக்குள் எரிந்தது.

"குண்டெ" என்றார் மறுபடியும்.

டாக்டர் முகத்தில் ரத்தம் வற்றியது. அப்புறம் நான் பார்த்தது வேறொரு ஆள். இயர்போன் தரையில் கிடந்தது. ஒயரை ஒட்டி, ஈசிஜி எடுத்து, காகிதம் மிஷினிலிருந்து வந்துகொண்டிருக்கும்போதே வாசித்துவிட்டார். "ஆஸ்பிரின் குடு தபிதா. மென்னு முழுங்கச் சொல்லு. தெலுங்குல நீயே சொல்லும்மா." ஆம்புலன்சைக் கூப்பிட்டார், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு ஈசிஜியில் எந்தக் கோடு எப்படி ஏறியிருக்கிறது என்று நிதானமாகச் சொன்னார். ஒரு மடங்கு வேகத்தில்.

சம்பந்தி பிழைத்தார். ஈசிஜியில் இவ்வளவு சின்ன மாற்றத்தை யார் கவனித்தது என்று பெரிய ஆஸ்பத்திரியில் கேட்டார்களாம். இப்போது அவர் பெண்ணுக்குத் தெரியாமல் செய்கிற ஒரே காரியம், வறுத்த கடலை தின்பது.

டாக்டர் திருந்தினாரா என்றுதானே கேட்கிறீர்கள்? அந்த இனமா? அடுத்த வாரமே சட்டம் போட ஒரு புதுச் சான்றிதழோடு வந்துவிட்டார்: 'நோயாளி சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது எப்படி?'

"இதை எந்த வேகத்துல கேட்டீங்க சாரு?"

"இது ஒன்றரை மடங்குதான் சார்."

முன்னேற்றம்தான்.

"அந்த ஈசிஜி வித்தையை எங்க கத்துக்கினீங்க? காலேஜுலயா?"

"காலேஜ்ல அதுக்கு வாத்தியாரே சரியா வரல சார். அதுவும் ஆன்லைன்தான். கேரளாவுல ஒரு வயசான டாக்டர், கரும்பலகைல கோடு போட்டுச் சொல்லிக்குடுப்பாரு. நிறுத்தி நிறுத்திப் பாத்தேன். புரியலைன்னா முதல்லருந்து பாத்தேன். நானும் கூடவே கோடு போட்டுக்கிட்டே பாத்தேன்."

"அந்த சர்டிபிகேட்டைக் கொண்டாங்க. தேக்குல சட்டம் போடறேன், துட்டு வேணாம்."

டாக்டர் தலையைச் சொறிந்தார். "அதுக்கு சர்டிபிகேட் தரலையே சார். சும்மா கத்துக்கறதுக்குப் பாத்தது."

சும்மாவாம். சுவர் கொள்ளாமல் தொங்குகிற அத்தனை கண்ணாடிக்கும் நடுவே ஓர் உயிரைக் காப்பாற்றிய படிப்புக்கு ஓர் ஆணிகூட இல்லை. தேக்கில் ஒரு காலிச் சட்டம் செய்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அடுத்த கோர்ஸுக்கு அளவு சரியாக இருக்கும் என்றார்.

நீங்கள் டாக்டர் இல்லை, உங்களுக்கு இதெல்லாம் பொருந்தாது என்று சிரித்துக்கொண்டிருக்கிறீர்கள். ரொம்பச் சரி. ஒரே ஒரு கேள்வி. என் சம்பந்திக்கு வெட்டுக்காயம் எந்தக் காதுக்குப் பின்னால்? ஏ, வலது. பி, இடது. மேலே போய்ப் பார்க்க வேண்டாம். ஏ தப்பென்றால் பி இருக்குதில்ல. அமுக்குங்கள், பாஸ்.

ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு. சட்டம் போட வாருங்கள்.