நான்கு மோட்டார்களின் பணி ஓய்வு

ஆர்.எஸ்.புரத்தில் இயங்கிவரும் பொழுதுபோக்கு ட்ரோன் சங்கத்தில் மோட்டார்கள் ஒழுங்காகப் பராமரிக்கப்படுவதில்லை என்ற கவலை பொதுக்குழுவில் ஏகமனதாகத் தெரிவிக்கப்பட்டது. கவலை தலைவர் அழகிரிசாமியுடையது. ஏகமனது மற்றவர்களுடையது.

அழகிரிசாமி முப்பத்தைந்து வருடம் நூற்பாலையில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். மில்லை மூடியபோது மிஞ்சிப்போன தொழிலாளர் பணிப் பதிவேடுகள் ஒரு கட்டு அவர் வீட்டுப் பரணில் கிடந்தன. வீணாவானேன் என்று அவற்றையே மோட்டார்களுக்கு வைத்துவிட்டார்.

அப்துல் குத்தூஸ் கோட்டைமேட்டில் பம்புசெட் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். மூன்று மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு, தலைமுடி கனமே உள்ள கம்பியில் நான்கு குட்டி மோட்டார்களுக்குத் தன் கையால் காயில் கட்டி, ஒரு ட்ரோன் செய்திருந்தார். அது ஒரே ஒரு தடவை மேலே ஏறுவதைப் பார்த்துவிட வேண்டும். ஆசை அவ்வளவுதான். ஊருக்குள் பறக்கவிட்டால் போலீஸ் வரும். அனுமதி உள்ள இடம் சங்கத்து மைதானம் ஒன்றுதான், அதுவும் மாதத்தின் முதல் ஞாயிறு மட்டும்.

பதினைந்து நாள் முன்கூட்டியே மோட்டார்களைப் பதிய வேண்டும் என்பது விதி. குத்தூஸ் பதிந்தார். தகப்பனார் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. யோசித்துப் பார்த்து, நான்குக்கும் தன் பெயரையே எழுதினார். அங்க அடையாளம் என்ற கட்டத்தில் மூன்றாவது மோட்டாருக்கு மட்டும் 'வலப்பக்கம் சிறு கீறல்' என்று எழுத முடிந்தது. மற்றவை அடையாளம் இல்லாதவை என்று தலைவர் ஆட்சேபித்ததால், அவற்றையும் ஆணியால் கீறிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை மனைவி சாஜிதா பேகத்தையும் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். தலைவர் பதிவேட்டைப் புரட்டினார்.

"பாய், உங்க மோட்டார் நாலும் ரிட்டயர்டு ஆயிருச்சுங்களே."

"எப்படீங்க? இன்னும் ஒரு சுத்துகூடச் சுத்தலீங்களே."

"மோட்டாருக்கு ஆயுள் முந்நூறு மணி நேரம். நாளுக்கு மூணு ஷிப்டு, இருபத்துநாலு மணி நேரம். பன்னெண்டரை நாள்ல சர்வீஸ் முடிஞ்சு போச்சுங்க."

"அதுக டப்பாவுக்குள்ள பஞ்சு சுத்திக் கிடந்துச்சுங்க."

"யாரு வேலை செஞ்சாங்க, யாரு சும்மா கிடந்தாங்கன்னு பார்த்தா எந்த மில்லுலயாச்சும் பதிவேடு எழுத முடியுங்களா? நானும் முப்பத்தஞ்சு வருசம் சேர்லதான் உட்கார்ந்திருந்தேன். அம்பத்தெட்டு ஆனதும் மாலை போட்டு அனுப்பிச்சுப்போட்டாங்களே."

மறுக்க முடியாத வாதம். குத்தூஸ் இறங்கிவந்து கேட்டார்.

"நீட்டிப்பு ஏதாச்சும் தருவீங்களா?"

"தாராளமாங்க. உடல் தகுதி இருக்குதுன்னு பறந்து காட்டணும்."

"அப்பப் பறக்க விடறேனுங்க."

"ரிட்டயர்டு ஆனது எப்படீங்க பறக்கும்? மொதல்ல நீட்டிப்பு வாங்கிட்டு வாங்க."

சாஜிதா பேகம் மைதானத்தைப் பார்த்தார். பத்துப் பதினைந்து பேர் ட்ரோனை மடியில் வைத்துக்கொண்டு வெயிலில் உட்கார்ந்திருந்தார்கள். "ஏனுங்க, அப்ப இங்க எதுதான் பறக்குதுங்க?"

"எதுவும் இல்லீங்க அம்மணி. அதனாலதான் இந்த வருசம் ஒரு மோட்டார்கூடப் பழுதாகலை" என்று தலைவர் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். பழுது இல்லை என்று காட்டும் கட்டங்களால் திரை முழுக்கப் பச்சைப் பசேலென்று இருந்தது.

குத்தூஸுக்குக் கண் கலங்கிவிட்டது. தலைவரும் மனிதர்தானே, இளகிவிட்டார்.

"வருத்தப்படாதீங்க பாய். ரிட்டயர்டு ஆனவங்களை ஆலோசகராப் போடலாம். நானே அப்படித்தான் ரெண்டு மில்லுல இருக்கறேன்."

"ஆலோசகர் பறக்கலாமுங்களா?"

"ஆலோசகர் எங்கீங்க வேலை செய்வாரு? மேடையில உட்காரலாம்."

அப்படியே செய்யப்பட்டது. நான்கு மோட்டார்களையும் கழற்றி, மேடையில் ஒரு நாற்காலியில் வரிசையாக வைத்து, பொன்னாடை போர்த்தினார்கள். கீறல் தெரியும்படி போட்டோ எடுத்தார்கள். தகப்பனார் என்ற முறையில் குத்தூஸுக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது. அதில் மெத்தை இருந்தது. மேலே பந்தல் இருந்தது. முகத்துக்கு நேரே ஃபேன் ஓடியது. பத்து நிமிடத்தில் கண் கலக்கம் காய்ந்துவிட்டது. கூட்டம் முடிவதற்குள் அவரைப் பதிவேட்டுச் செயலாளராகவும் தேர்ந்தெடுத்துவிட்டார்கள், ஏகமனதாக.

அடுத்த மாதம் பிரீத்திகா என்ற பல் டாக்டர் புதிதாக வந்தார். விதிகள் தெரியாததால் வாசலிலேயே ட்ரோனைக் கீழே வைத்து விசையை அழுத்திவிட்டார். நான்கு மோட்டார்களும் ரீங்காரமிட, அது தென்னை உயரத்துக்கு ஏறி, வெயிலில் மினுங்கிக்கொண்டு நின்றது.

மடியில் ட்ரோன் வைத்திருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். குத்தூஸும் நாற்காலியை விட்டு எழுந்து, வாய் திறந்தது திறந்தபடி அண்ணாந்து பார்த்தார். எத்தனை நாள் ஆசை அது.

பிறகு மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"ஏனுங்க டாக்டரம்மா, இறக்குங்க. அங்க அடையாளம் ஒண்ணுகூட இல்லாம எப்படீங்க பறக்குது?" என்றபடி, சட்டைப் பையிலிருந்து ஆணியை எடுத்தார்.