அணைந்த டிவிக்கு உயிர் கொடுத்தல்

மனித குலம் நெருப்பு, சக்கரம், மின்சாரம் எல்லாவற்றையும் கண்டுபிடித்துவிட்டு, வாடகை வீட்டு விளம்பரப் படங்களில் அணைந்து கிடக்கும் டிவிக்குள் வேறு படம் ஒட்டும் கலையை மட்டும் யாக்கோப்பு அண்ணைக்காக விட்டுவைத்திருந்தது. லண்டன் இல்ஃபோர்டில் ஒரு கோழிக்கடைக்கு மேலே இருந்த அவருடைய வீட்டு முகவர் அலுவலகத்தில் அந்தக் கலை நாள்தோறும் வளர்ந்தது.

"கறுப்பு டிவி எண்டால் செத்த வீடு மாதிரி," என்பார். "வாடகைக்கு ஆர் வருவினம்? படம் போடு பிள்ளை. ஆனா உண்மை மாதிரி இருக்கவேணும்."

"ஓம் அண்ணை," என்பாள் விதுஷா. பௌதிகவியல் பட்டதாரி. அதற்கு மேல் பேசிப் பழக்கமில்லை. அவளுடைய மூன்று மாதத் தற்காலிக வேலை அன்றோடு முடிகிறது. நிரந்தர நியமனக் கடிதம் அண்ணையின் கையெழுத்துக்காக மேசையில் கிடந்தது. கிடைக்காவிட்டால் டூட்டிங்கில் மாமாவின் கடையில் மரவள்ளிக்கிழங்கு நிறுக்க வேண்டும்.

கலைக்கு விதிகள் உண்டு. கடல் கூடாது; ஒருமுறை போட்டதில், வீட்டுக்குள் ஈரமோ என்று மூன்று பேர் கேட்டார்கள். நெருப்பும் கூடாது; ஹீட்டர் வேலை செய்யாதது நினைவுக்கு வரும். சமையல் நிகழ்ச்சி கூடவே கூடாது. குசினி எங்கே என்பார்கள்.

அன்றைய வீடு றோஸ்மலர் அக்காவுடையது. நான்கு வருடமாக அக்கா அந்தப் பக்கம் போனதில்லை. அதன் "விசாலமான முன்னறை"யில் ஆறு பேர் குடியிருந்தார்கள். ஏழாவது ஆளுக்காகத்தான் விளம்பரம். காலையில் படமெடுக்கப் போன விதுஷா, அலுவலக நடைமுறைப்படி, ஆறு பேரையும் மெத்தைகளோடு கமராவுக்குப் பின்னால் ஒதுக்கினாள். பூஞ்சணம் பிடித்த சுவரோடு, மெத்தைகளைக் கட்டிப்பிடித்தபடி நின்று, மிகவும் ஒத்துழைத்தார்கள்.

"நாங்கள் படத்திலை விழமாட்டம்தானே தங்கச்சி?" என்றார் ஒருவர்.

"இல்லை அண்ணை."

அலுவலகத்தில் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். டிவிக்குள் ஏற்கெனவே ஒரு படம் இருந்தது. மங்கலாக, இடம்வலம் மாறி. கண்ணாடியில் பட்டால் ஒளி தெறிக்கும். அதற்கு முகாமையாளரின் அனுமதி தேவையில்லை. உண்மை மாதிரி வேண்டும் என்பது உத்தரவு. வெளிச்சத்தைக் கூட்டினாள். இடம்வலம் திருப்பினாள். சேமித்தாள்.

மூன்று மணிக்கு "இறுதி அங்கீகாரக் கூட்டம்" கூடியது. யாக்கோப்பு அண்ணை, றோஸ்மலர் அக்கா, ஒரு தட்டுப் பற்றீஸ்.

"என்ன தத்ரூபம்!" என்றார் அண்ணை. "நியூஸ் ஓடுது. எங்கையோ சண்டை போல."

"ஐயோ, அந்தச் சுவரைப் பாருங்கோ, கரிச்சட்டி மாதிரி. சனத்தை இப்பிடி அடைச்சு வைச்சிருக்கிறவை மனிசரோ?" என்றார் அக்கா.

"நடுவிலை கமராவோட நிக்கிற நிருபர் பிள்ளையும் பாவம். சாப்பாடே இல்லைப் போல."

"நாங்கள் ஏதாவது செய்யவேணும் அண்ணை. பழைய உடுப்புச் சேர்த்து அனுப்புவம்."

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு இரண்டாவது பற்றீஸை எடுத்தார். அண்ணை கடிதத்தை இழுத்து, கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட்டார்.

"கெட்டிக்காரி! இது எந்த நாடு பிள்ளை? கீழை பேரையும் போட்டுவிடு."

பேனா கடிதத்தின் மேல் காத்திருந்தது.

"இல்ஃபோர்ட், அண்ணை," என்றாள் விதுஷா. "அக்காவின்ர முன்னறை. உடுப்பை நடந்தே கொண்டுபோய்க் குடுக்கலாம்."