இரேபா நைனாவைத் தேடிய படலம்

'மார்ச் 9, திங்கள். ஒரு சின்னப் பிழை. இரண்டு சொற்களைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஒரு முழுப் படத்தையும் தப்பாகச் சொல்லிவிட்டேன்.'

இவ்வாறு நாட்குறிப்பில் எழுதி, 'சின்ன' என்பதை அடித்து, அடித்தது சரிதானா என்று ஐயுற்று, அதையே மீண்டும் மேலே எழுதிய மங்கை நல்லாள் வாழ்க! ஆந்திர எல்லையோர நகரி விளங்க வந்தவள். விசைத்தறி வேந்தன் அப்பாவுவும் அவன் தேவி ருக்மணியும் ஈன்ற தனிச்செல்வம். திருப்பதி மருத்துவமனை ஒன்றின் மூன்றாம் மாடி முதியோர் பிரிவில் ஊசி ஏந்தி நோய்ப்படை கலக்கும் செவிலி. மாலை ஐந்தரை முதல் ஏழு வரை ஜப்பானிய வகுப்பின் இரண்டாம் பெஞ்சில் அமர்ந்து, சந்தேகங்களை எண் போட்டு எழுதிவைத்து, ஒன்றையும் கேட்காமல் வீடு திரும்புபவள். தரணி புகழவென்றே தரணி எனப் பெயர் பூண்டவள். அவள் ஞாயிற்றுக்கிழமைப் பகலில் ஒரு ஜப்பானியப் படத்தோடு பொருத பெரும்போரைப் பாடப் புகுந்தோம். பிழை இருந்தால் பொறுத்தருள்க. அவளும் அதையேதான் வேண்டுவாள்.

போர் மூண்ட காரணம் கேளீர். கடல்கடந்த ஒசாகா மாநகரில் முதியோர் இல்லம் ஒன்று, பெரியவர்களைப் பார்த்துக்கொள்ள ஐந்து செவிலியரைத் தேடியது. நேர்காணல் புதனன்று, வீடியோவில். வகுப்பிலோ பன்னிரண்டு பேர். எனவே 'சென்செய்' என்று மாணவர் பணியும் ஆசிரியை நந்திதா, வெள்ளியன்று மார்க்கர் பேனாவைச் செங்கோலென உயர்த்தி ஆணையிட்டாள்:

"ஆளுக்கு ஒரு ஜப்பான் படம். கீழ ஓடுற இங்கிலீஷ் எழுத்தைப் பாக்கக் கூடாது. திங்கக்கிழமை கதைய ஜப்பானிய மொழியில பத்து வாக்கியமா சொல்லணும். சரியா சொன்னவங்க பேர்தான் ஒசாகாவுக்குப் போகும். மத்தவங்க அடுத்த வருஷம்."

அடுத்த வருஷம்! அச்சொல் தரணியின் நெஞ்சில் வேலெனப் பாய்ந்தது. ஏற்கெனவே ஒருமுறை அவள் அடுத்த வருஷத்துக்குத் தள்ளப்பட்டவள்.

சகமாணவன் வெங்கட் ஒரு பென்டிரைவில் படத்தை அருளினான். ஆனால் அப்படத்தின் அடியில் ஆங்கில எழுத்துகள் கல்வெட்டுப் போலப் பதிந்திருந்தன. எந்தப் பொத்தானை அழுத்தியும் அவை அகலவில்லை. அஞ்சினாளா தரணி? அஞ்சினாள். பிறகு தறியில் மிஞ்சிய லுங்கித் துண்டொன்றை எடுத்து, முப்பத்திரண்டு அங்குல டிவியின் அடிப்பாகத்தை நாலு விரல் உயரத்துக்கு மூடி, காயத்துக்குப் போடும் பிளாஸ்திரியால் இருபுறமும் ஒட்டி, கோட்டைக்கு மதில் எழுப்பினாள்.

அடுத்த பகை ஓசை. முன்னறையில் தறி, நூறு முரசம் ஒருங்கே அதிர்ந்தாற்போல அதிர்ந்துகொண்டிருந்தது. மகளின் முகத்தைப் பார்த்தான் வேந்தன். சுவிட்சை அணைத்தான். உலகு அடங்கியது.

"ரெண்டு மணி நேரம் தறி ஓடாது. நூல் குடுத்த சேட்டு ஆளு வந்தா கரண்ட் இல்லன்னு சொல்லு."

"பக்கத்து வூட்ல ஃபேன் சுத்துதே?" என்றாள் ருக்மணி.

"அப்போ மோட்டாரு பூட்ச்சின்னு சொல்லு."

இவ்வாறு அறம் சிறிது தளர்ந்தாலும் படை திரண்டது. வலப்பக்கம் தந்தை, இடப்பக்கம் தாய், நடுவே தரணி. அவள் மடியில் 'புரிந்தது, பாதி புரிந்தது, புரியவில்லை' என்று மூன்று கட்டம் போட்ட நோட்டு. படம் தொடங்கியது. மழை பெய்தது. மரவீட்டில் ஒரு முதியவர் உட்கார்ந்திருந்தார்.

"யாரும்மா இவரு?" என்றாள் ருக்மணி.

"தெரியலம்மா."

"அப்புறம் இன்னாத்துக்குப் பாத்துக்கினு கீற?"

இக்கணையை மார்பில் தாங்கி முன்னேறினாள் வீராங்கனை. நாற்பது நிமிடம் கடந்தது. மூன்றாம் கட்டத்தில் கோடுகள் நெற்போர் போலக் குவிந்தன. முதற்கட்டத்தில் 'மழை', 'தேநீர்', 'நன்றி'. அவ்வமயத்தில் அந்த முதியவர் எழுந்தார். ஒரு பெட்டியைத் திறந்தார். குரல் நடுங்க, தெள்ளத் தெளிவாக உரைத்தார்: "இரேபா நைனா."

துள்ளி எழுந்தான் அப்பாவு. "நைனாவா? இன்னாடி இது, அங்கயும் நைனாதானா?"

தரணி படத்தைப் பின்னோட்டி மும்முறை கேட்டாள். நைனாவேதான். பாடநூலில் தந்தைக்கு வேறு சொல் இருந்தது. ஆயினும் முறை வழுவாத அறிவினள் நிரல்படச் சிந்தித்தாள். நம் பாடநூலிலும் தந்தை என்றுதானே இருக்கிறது? நகரியில் எவர் தந்தை என்கிறார்? அதுபோல ஜப்பானிலும் ஓர் எல்லைப்புறச் சீமை இருக்கலாம். அங்கும் தகப்பனை நைனா என்பார்கள். ஆக, இரேபா என்பது அந்தத் தகப்பனின் பெயர். முதற்கட்டத்தில் கம்பீரமாகக் கோடிட்டாள்.

அதன்பின் கதை வெள்ளமெனத் திறந்தது. முதியவர் படுக்கையைப் புரட்டினார்: "இரேபா நைனா." சட்டைப்பையைத் துழாவினார்: "நைனா, நைனா." அவர் கன்னம் துயரத்தால் குழிந்திருந்தது. சோறு வைத்தால் உண்ணவில்லை, பார்த்துப் பெருமூச்செறிந்தார். மருமகள் வாய்பொத்திச் சிரித்தாள்.

"மாமனாரு பெத்தவர நெனச்சி துன்னாம கொள்ளாம கீறாரு, இவளுக்கு இளிப்பப் பாரு!" என்று ருக்மணி சீறினாள்.

அந்நேரம் காற்றின் கோன் மின்விசிறி வடிவெடுத்து மதிலை அசைக்க, லுங்கித் துண்டின் ஒரு முனை மேலெழுந்தது. ஆங்கில எழுத்துகள் பளிச்சிட்டன. எத்தகைய சோதனை! ஒரு பார்வை, ஒரே ஒரு பார்வை போதும். ஆனால் சென்செய்க்குத் தந்த வாக்கை எண்ணித் தன் இரு விழிகளையும் இறுக மூடிக்கொண்டாள் அந்த நேர்மைச் செல்வி.

இறுதிக் காட்சி. முதியவர் கீழே குனிந்தார். துண்டு மறைத்த இடத்திலிருந்து எதையோ எடுத்தார். சன்னல் பக்கம் திரும்பி அதை வாயருகே கொண்டுபோனார். திரும்பியபோது முகம் முழுநிலவாகப் பொலிந்தது.

"நைனாவோட பொருள் ஏதோ கெடச்சிட்ச்சி. முத்தம் குடுக்கறாரு," என்று ருக்மணி முந்தானையால் கண் துடைத்தாள். அப்பாவு எழுந்துபோய்த் தறியை வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றான்.

மறுநாள் மாலை, திருப்பதி. வகுப்பின் நடுவே நின்று, பத்து வாக்கியங்களையும் பிசகாமல் மொழிந்தாள் தரணி: ஒரு முதியவர் இருந்தார், அவருக்கு இரேபா என்றொரு தந்தை இருந்தார், அவர் இறந்துபோனார், முதியவர் பதினொரு முறை தேடினார் என்று.

"இரேபா யாரு, தரணி?" என்றாள் நந்திதா.

"அவரோட நைனா, சென்செய்."

"இரேபான்னா பல்செட்டு. நைனான்னா, காணோமே. 'பல்செட்டு காணோமே'ன்னு தேடினாரு."

ஊழிக்காலக் கடலென எழுந்தது சிரிப்பு. "பாபோய்! பல்செட்டுக்குத் திவசமே பண்ணிட்டியே அக்கா!" என்று பெஞ்சைத் தட்டினான் வெங்கட். தினமும் பத்துப் பேரின் பல்செட்டைக் கழுவி வைக்கும் கைகள் அவளுடையவை. அக்கைகளாலேயே முகத்தை மூடிக்கொண்டாள். அடுத்த வருஷம் வாசலில் வந்து நின்றது.

ஆனால் நந்திதா சிரிக்கவில்லை. "பத்தாவது வாக்கியத்த மறுபடி சொல்லு."

விரல்களின் இடுக்கு வழியே சொன்னாள் தரணி. தமிழில் அதன் பொருள்: நான் அங்கே இருந்தால், நானும் அவரோடு சேர்ந்து தேடுவேன்.

"புதன்கிழமை அவங்க கேக்கப் போறது இதத்தான்," என்று நந்திதா பட்டியலில் பெயர் எழுதினாள். "கதை தப்பு. இலக்கணம் சரி. உன் பேரு போகுது. நாளைக்கு போட்டோ கொண்டா."

நகரிப் பேருந்தின் சன்னலோரத்திலிருந்து தந்தைக்குப் போன் செய்தாள். அந்தப் பக்கம் தறி நின்றது.

"இன்னா சொன்னாங்க?"

"பேரு எழுதிட்டாங்க நைனா. ஆனா கதைய தப்பா சொல்லிட்டன். அந்த ஊர்ல நைனான்னா 'காணோமே'ன்னு அர்த்தமாம்."



"சரியாத்தான் பேரு வச்சிகீறான். நீ அங்க போயி திரும்பிப் பாத்தா நானு காணோம்தான?"

அவள் போனை வாயிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அழுவறியா?"

"இல்ல நைனா. ஹாரன் சத்தம்."

"பெரியவருக்குப் பல்செட்டு கெடச்சிதா இல்லியா?"

"கெடச்சிட்ச்சி."

"அத்த வுடு. வா."

புத்தூர்ச் சாலையின் இருமருங்கும் மாமரங்கள் கவரி வீச, நடத்துநரின் விசில் வெற்றிச்சங்கென முழங்க, கடல் ஏழும் கடக்கத் துணிந்த செவிலியர் திலகம் குலுங்கும் மடியில் நாட்குறிப்பை விரித்து, அன்றைய கடைசி வரியை எழுதினாள்.

நாளை காலை எட்டரைக்கு வெள்ளைப் பின்னணியில் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வேண்டும்.