கழுத்தில் ஏறிய பாடம்

ஞானசீலனின் கழுத்தில் இருந்த ரத்தக்குழாய்கள் அழிய மறுத்தன. சீயக்காய் போட்டாயிற்று, தேங்காய் நார் போட்டாயிற்று. தோல்தான் சிவந்ததே தவிர, குரல்வளைக்கு இருபுறமும் ஏறிய செங்கோடுகள் அப்படியே இருந்தன. சாயங்காலம் பெண் பார்க்கப் போக வேண்டும்.

"தண்ணி பட்டாப் போயிரும்னீகளே மச்சான்."

"கலர்ப் பெட்டியில செவப்பு தீந்துபோச்சு மாப்ள. பெஞ்சுக்கு நம்பர் போடுற பெயிண்ட்டுல வரைஞ்சுட்டேன்" என்றார் இன்னாசிமுத்து. அக்காள் விக்டோரியாவின் புருஷன். ஞானசீலன் சயன்ஸ் வாத்தியாராக இருக்கும் மிஷன் பள்ளியிலேயே டிராயிங் மாஸ்டர்.

காலையில் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் பாடம் பார்க்க வந்திருந்தார். கழுத்துப் படத்தைக் கரையான் தின்றிருந்தது. வேறு வழியில்லாமல் ஞானசீலன் தன் கழுத்தையே படமாக்கிக்கொண்டார். மார்பிலிருந்து ஏறும் குழாய், குரல்வளை மட்டத்தில் இரண்டாகப் பிரிந்து ஒன்று மூளைக்கும் மற்றது முகத்துக்கும் போவதை விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். இன்ஸ்பெக்டருக்கு மெத்த சந்தோஷம். ஞானசீலனுக்கோ சாயங்காலத்துக் கவலை. முப்பத்தைந்து வயதில், தட்டிப்போன வரன்கள் போக மிஞ்சியது இது ஒன்றுதான்.

விக்டோரியா சீமெண்ணெய் தடவினாள். கோடு போகவில்லை, கழுத்து தடித்தது. நாற்றத்துக்குப் பவுடர் அப்பினாள். அது எண்ணெயோடு சேர்ந்து பிசைந்த மாவாகிவிட்டது. கடைசியில் எல்லாவற்றையும் துடைத்து, தம்பி கழுத்தில் மப்ளரைச் சுற்றினாள்.

"யாராச்சும் கேட்டா தொண்டைக்கட்டுன்னு சொல்லு."

ஆவணி வெயிலில் மதுரையில் மப்ளர் கட்டிய ஒரே மனிதராக ஞானசீலன் மச்சானோடு ஜட்கா ஏறினார். சிம்மக்கல் தாண்டுவதற்குள் மப்ளர் தொப்பலாக நனைந்துவிட்டது.

பெண் வீட்டில் உட்காருவதற்குள் பெண்ணின் அப்பா கேட்டுவிட்டார். "கழுத்துல என்ன தம்பி?"

தொண்டைக்கட்டு என்று சொல்லத்தான் வாயெடுத்தார். பதற்றத்தில் "பொன்னுக்கு வீங்கி" என்று வந்துவிட்டது.

பெரியவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்தினார். "ஒட்டுவாரொட்டியாச்சே. இன்னொரு நாளைக்குப் பாப்போம்."

இன்னொரு நாள் என்றால் என்ன அர்த்தம் என்பது ஞானசீலனுக்கு நன்றாகத் தெரியும். "வீக்கமெல்லாம் இல்லீங்கய்யா" என்று மப்ளரை உருவிக் காட்டினார்.

பெரியவர் எழுந்தேவிட்டார். "கழுத்த அறுத்துக்கிட்டீகளா தம்பி?"

"பெயிண்ட்டுங்க. நான்தான் வரைஞ்சேன்" என்றார் இன்னாசிமுத்து, உதவியாக. பெரியவர் இப்போது இருவரையுமே ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துப் பெண் பாக்கியமேரி காப்பித் தட்டோடு வந்தாள். மாப்பிள்ளையின் முகத்தை அவள் பார்க்கவே இல்லை. கழுத்தைப் பார்த்தாள், வலப்பக்கம் பார்த்தாள், இடப்பக்கம் பார்த்தாள். காப்பியைக் கொடுக்காமல் தட்டோடு உள்ளே போய்விட்டாள்.

ஞானசீலனுக்குக் கண் கலங்கியது. மப்ளரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

உள்ளேயிருந்து பெண்ணின் அம்மா வந்தாள்.

"உக்காருங்க மாப்ள. நர்சு படிக்கிற பிள்ளைக்கு இந்தக் கழுத்துப் பாடம் மட்டும் மனசுல நிக்கவே மாட்டேங்குதாம், அவளுக்குப் பூரண சம்மதம், ஆனா பரீட்சை முடியிற வரைக்கும் நீங்க கழுத்தக் கழுவக் கூடாதாம்."